மாத்திரை வேளையும் கிரீன் டீயும்: இதய நோயாளிகளின் கேள்விகள்

சென்ற இதழில் மாரடைப்புக்குப் பிறகான உணவுமுறையைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், மீனைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் கேட்டவர்களைவிடக் கிரீன் டீயைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். வடசென்னையில் நெடுங்காலமாக மருத்துவம் பார்த்து வரும் எனக்கு இது வியப்பளிக்கவில்லை. ஒரு காலத்தில் தண்டையார்பேட்டை மளிகைக் கடைகளில் கேட்டாலும் கிடைக்காத அந்தத் தேநீர்ப் பைகள், இன்று பெட்டிக்கடைகளில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. இதயத்துக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் குடிக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டுமே இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 61. எட்டு மாதங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், மெட்டோபிரோலால், ராமிபிரில், இரவில் ரோசுவாஸ்டாட்டின் என ஐந்து மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார். எங்கள் மகள் பால் டீயை நிறுத்திவிட்டு, நாளுக்கு மூன்று வேளை கிரீன் டீ கொடுக்கிறாள். காலை மாத்திரைகளை அவர் அந்த டீயோடுதான் விழுங்குகிறார். கிரீன் டீ மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதிர்வீட்டு அம்மாவோ, கிரீன் டீ குடித்தால் கொழுப்பு மாத்திரையே தேவையில்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, டாக்டர் அம்மா?
— ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: அம்மா, எதிர்வீட்டு அம்மா சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டில் அதிக ஆபத்தானது அதுதான். கிரீன் டீ கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு குறைக்கிறது என்று கேட்க வேண்டும். 14 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியிட்ட ஒரு கணக்கில், எல்.டி.எல். எனப்படும் அந்தக் கெட்ட கொழுப்பு, 100 மில்லி ரத்தத்துக்குச் சராசரியாக 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் குறைந்திருந்தது. உங்கள் கணவர் சாப்பிடும் ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையோ அதைக் கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைக்கும். 140 இருந்த ஒருவருக்கு டீ மட்டும் குடித்தால் 138 ஆகலாம், மாத்திரை சாப்பிட்டால் 80-க்கும் கீழே வரலாம். மாரடைப்பு கண்ட ஒருவருக்கு அது 70-க்குக் கீழும், முடிந்தால் 55-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று நாங்கள் பாடுபடுகிறோம். ஆகவே கொழுப்பு மாத்திரையை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெல்லையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். கிரீன் டீயும் ரத்தத்தை இளக்கும் என்று யாராவது சொல்லி, அந்த நம்பிக்கையில் இந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லா மாத்திரைக்கும் அது ஒரே மாதிரிப் பொருந்தாது. நாம் குடிக்கும் சாதாரண டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையை நசுக்கிக் காற்றில் கறுக்க விட்டால் அது கறுப்புத் தேயிலை. பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டி, கறுப்பதைத் தடுத்துவிட்டால் அது கிரீன் டீ. கறுக்காமல் தடுக்கப்படுவதால் காட்டெகின் என்னும் துவர்ப்புப் பொருட்கள் அதில் மிகுதியாக நின்றுவிடுகின்றன. அவற்றில் தலையாயது ஈ.ஜி.சி.ஜி. எனப்படும் எபிகேலோகாட்டெகின் கேலேட். நாக்கில் உணரும் அந்தத் துவர்ப்பு, குடலிலும் வேலை செய்கிறது.

மாத்திரை குடலுக்குள் கரைந்ததும் மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. சில மருந்துகள் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. அவை குடற்சுவரை யார் துணையும் இல்லாமல் ஊடுருவிச் சென்றுவிடும். வேறு சில மருந்துகளுக்குச் சுவரில் ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுகளைத்தான் கடத்திப் புரதங்கள் என்கிறோம். காட்டெகின்கள் வந்து அந்தக் கதவுகளில் சிலவற்றை மறித்துக்கொள்கின்றன. மருந்து உள்ளே போக முடியாமல் குடல் வழியாகவே வெளியேறிவிடுகிறது. நோயாளி மாத்திரையைத் தவறாமல் விழுங்கியிருப்பார், மாத்திரை அட்டையும் காலியாகியிருக்கும், ஆனால் ரத்தத்தில் போதிய மருந்து இருக்காது.

இதற்குத் தெளிவான சான்று ஜப்பானின் ஃபுகுஷிமாவிலிருந்து 2014-ல் வந்தது. ரத்த அழுத்தத்துக்கும் துடிப்புக் கோளாறுக்கும் கொடுக்கப்படும் நாடொலால் என்னும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை வைத்து, நலமாக இருந்த 10 பேரிடம் சோதித்தார்கள். நாளொன்றுக்கு 700 மில்லி கிரீன் டீயை 14 நாட்கள் குடித்தவர்களின் ரத்தத்தில், வெறும் தண்ணீர் குடித்த காலத்தோடு ஒப்பிட்டபோது, மருந்தின் அளவு 85 சதவீதம் குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அதன் வேலையும் அதற்கேற்ப மங்கியது. 700 மில்லி என்பது நம் டீக்கடைக் கண்ணாடித் தம்ளரில் ஏழு தம்ளர் இருக்கலாம்; அலுவலகத்தில் வைத்துக்கொள்ளும் பெரிய மக் என்றால் இரண்டரை மக்தான். பிறகு 150 மில்லி கிரீன் டீயை ஒரே ஒரு முறை மட்டும் கொடுத்துச் சோதித்தபோதும், மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தவர்களுக்குக்கூட மருந்தின் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. "முன்னாடியே குடித்துவிட்டேனே" என்று நிம்மதியாக இருக்க இடமில்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

உங்கள் கணவர் சாப்பிடுவது நாடொலால் அல்ல, மெட்டோபிரோலால். பீட்டா பிளாக்கர் என்ற ஒரே குடும்பப் பெயர் இருந்தாலும் இரண்டின் வழியும் வேறு. மெட்டோபிரோலால் கொழுப்பில் கரைந்து தானே உள்ளே செல்லும், கல்லீரலில் சிதையும். கிரீன் டீச் சாறு கல்லீரலின் அந்தச் சிதைக்கும் நொதியைப் பெரிதாகத் தொடவில்லை என்பது 2004-ல் மனிதர்களிடம் செய்த சோதனையில் தெரிந்தது. எனவே அந்த மாத்திரையை எண்ணி நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ரோசுவாஸ்டாட்டினுக்குக் கதவு தேவை. 300 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி.யோடு சேர்த்துக் கொடுத்தபோது அது ரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ராமிபிரிலின் உறவுக்கார மருந்தான லிசினோபிரிலைக் கிரீன் டீச் சாறோடு கொடுத்தபோது அதன் அளவும் கணிசமாகக் குறைந்தது. இவை இரண்டும் உயிருக்கு உடனடி ஆபத்து என்று சொல்லக்கூடிய குறைவுகள் அல்ல. ஆனால் விலை கொடுத்து வாங்கிய மருந்தின் ஒரு பகுதியை நாள்தோறும் வீணாக்குவானேன்?

நான் செய்யச் சொல்வது இதுதான். எல்லா மாத்திரைகளையும் ஒரு தம்ளர் வெறும் தண்ணீரில் மட்டும் விழுங்கட்டும். காலை 7 மணிக்கு மாத்திரை என்றால் 11 மணிக்கு ஒரு கோப்பையும், மாலை 4 மணிக்கு ஒரு கோப்பையும் கிரீன் டீ குடிக்கட்டும். இரவு மாத்திரைக்கு அருகில் வரும் மூன்றாவது கோப்பையை விட்டுவிடட்டும்; அதிலுள்ள காஃபின் தூக்கத்தைக் கெடுக்காமலும் இருக்கும். பால் டீயையும் அதோடு போகும் இரண்டு கரண்டிச் சர்க்கரையையும் நிறுத்திய உங்கள் மகள் நல்ல காரியமே செய்திருக்கிறாள், அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். கிரீன் டீயால் இதயத்துக்கு நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் 40,530 பேரை 1994 முதல் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடையே இதய, ரத்தநாள நோய் மரணங்கள் குறைவாக இருந்தன. பெண்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே ஒரு கோப்பை என்பது 100 மில்லி என்பதையும், அவர்கள் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஐந்து மாத்திரை சாப்பிடும் நோயாளிகள் அல்லர் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 38. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு பழுதாகி, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு உலோக வால்வு பொருத்தினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். மீன்பிடித் துறைமுகத்தில் வலை பழுது பார்க்கும் வேலை. தடைக்காலம் தொடங்கியபோது, வேலை இல்லாமல் உடல் எடை கூடுகிறது என்று நாளுக்கு ஒரு பெரிய பிளாஸ்க் நிறையக் கிரீன் டீ குடிக்க ஆரம்பித்தேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் முன்பு 2.8 இருந்தது, இப்போது 1.9 என்று வந்திருக்கிறது. டீதான் காரணமா? நிறுத்திவிடட்டுமா?
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, உங்களுக்கு நான் தனியே கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன், உங்களைப் போன்ற மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே மறுபடி எழுதுகிறேன். மைட்ரல் வால்வு இருந்த இடத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு ஐ.என்.ஆர். 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 1.9 என்பது வால்வின் மேல் ரத்தக் கட்டி உருவாக இடங்கொடுக்கும் அளவு. காரணத்தைப் பிறகு தேடலாம். சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் இதய மருத்துவமனைக்கு அன்றைக்கே போக வேண்டும். மாத்திரையின் அளவை அவர்கள் மாற்றித் தருவார்கள். நீங்களாக அரை மாத்திரை கூட்டிக்கொள்ளவும் வேண்டாம், டீயைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று ஏன் நிறுத்தக் கூடாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அசிட்ரோம், வார்ஃபரின் ஆகிய இரண்டும் வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்யும் மருந்துகள். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். அந்தக் "கே" என்ற எழுத்தே உறைதலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் முதலெழுத்துதான். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் அதைக் கண்டறிந்து 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாத்திரையும் வைட்டமின் கே-யும் தராசின் இரண்டு தட்டுகள். உங்கள் மருத்துவர் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டை ஒரு தட்டில் இருப்பதாகக் கொண்டே, மறு தட்டில் மாத்திரையின் எடையை வைத்திருக்கிறார். சாப்பாட்டுத் தட்டில் புதிதாக எதையாவது வைத்தால் தராசு ஒரு பக்கம் சாயும். வைத்ததை எடுத்தால் மறுபக்கம் சாயும்.

உலர்ந்த தேயிலையில் வைட்டமின் கே மிகுதியாக இருக்கிறது. ஆனால் அது எண்ணெயில் கரையும் சத்து; வெந்நீரில் மிகச் சொற்பமாகவே இறங்கும். எனவே ஒன்றிரண்டு கோப்பை குடித்தால் ஐ.என்.ஆர். அசையாது என்றே சொல்லலாம். அளவு மிஞ்சும்போது கதை வேறு. 1999-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பை நான் என் மாணவர்களுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. உங்களைப் போலவே உலோக வால்வு பொருத்திக்கொண்டு வார்ஃபரின் சாப்பிட்டு வந்த 44 வயது அமெரிக்கர் ஒருவர், நாளுக்கு அரை கேலன் முதல் ஒரு கேலன் வரை, அதாவது ஏறத்தாழ 2 லிட்டர் முதல் 4 லிட்டர் வரை, கிரீன் டீ குடிக்கத் தொடங்கினார். 3.79 ஆக இருந்த அவருடைய ஐ.என்.ஆர். 1.37 ஆக இறங்கியது. டீயை நிறுத்திய பிறகு 2.55 ஆக ஏறியது. உங்கள் பிளாஸ்க் ஒரு லிட்டரா, இரண்டு லிட்டரா என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் போகும்போது அளந்து பார்த்துச் சொல்லுங்கள். கொதிக்கவைத்த இலையை வடிகட்டாமல் குடிப்பவர்களும், மட்ச்சா என்று விற்கும் இலைத்தூளைக் கரைத்துக் குடிப்பவர்களும் இலையையே விழுங்குகிறார்கள்; அவர்களுக்கு வைட்டமின் கே முழுதாகவே உள்ளே போகிறது.

ஆனாலும் பழியை டீயின் மேலேயே போட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலத்தில், கரையோர வீடுகளில் சாப்பாடே மாறிப்போவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நாள் தவறாமல் மீன் குழம்பு இருந்த வீட்டில் கீரைக் கடைசலும் முருங்கைக்கீரைப் பொரியலும் வாரத்துக்கு நான்கு நாள் வந்துவிடும். கையில் காசு குறையும்போது மாத்திரையை ஒன்று விட்டு ஒரு நாள் போட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றும் ஐ.என்.ஆர்.-ஐ இறக்கக்கூடியவை; கீரையோ டீயைவிடப் பல மடங்கு வலிமையாக இறக்கும். இதில் எது உங்களுக்கு நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பணமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அரசு மருத்துவமனையில் வழி உண்டு. கீரையையோ டீயையோ அடியோடு விலக்கும்படி நான் யாரிடமும் சொல்வதில்லை. எதைச் சாப்பிட்டாலும் மாதம் முழுவதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். டீயை நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் ரத்தம் பார்க்கும் ஏற்பாட்டோடு நிறுத்த வேண்டும். கூட்டிய மாத்திரையும் நிறுத்திய டீயும் சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறிப்போய் ஈறிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம்.

இன்னொன்றும் உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும். அமைதியான இரவில் உலோக வால்வின் "டிக் டிக்" ஓசை பக்கத்தில் படுத்திருப்பவருக்கே கேட்கும். அந்த ஓசை மங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து திரும்பி வந்தது. 72 வயதான என் அம்மாவுக்கு இதயம் பலவீனமாகி, டிகாக்ஸினும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். பால் சேர்க்காத பச்சை இலைத் தேநீரைப் பிளாஸ்க்கில் போட்டு நாள் முழுவதும் குடிப்பது அவர் சிறு பெண்ணாக இருந்த காலத்துப் பழக்கம். ஊறவைத்த தேயிலையில் செய்யும் லஃபெட்டும் அவ்வப்போது சாப்பிடுவார். தடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: நீங்கள் குறிப்பிடும் அந்த வெறுந்தேநீரைப் பல வீடுகளில் நான் குடித்திருக்கிறேன், வந்தவருக்கு முதலில் அதை ஊற்றி வைப்பது உங்கள் வீடுகளின் மரியாதை. அறுபது ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் பிடுங்கி எறிவது தேவையும் இல்லை, நல்லதும் இல்லை.

டிகாக்ஸின் மிகக் குறுகிய எல்லைக்குள் வேலை செய்யும் மருந்து. கொஞ்சம் குறைந்தால் பலன் இருக்காது, கொஞ்சம் கூடினால் நஞ்சாகும். கிரீன் டீக் காட்டெகின் சாறோடு கொடுத்துச் சோதித்தபோது அது ரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உங்கள் அம்மாவுக்கு மாத்திரையின் அளவை நிர்ணயித்தபோதே அவர் இந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அதைச் சட்டென்று நிறுத்தினால் அதே மாத்திரை கூடுதலாக உள்ளே சேரலாம். வாந்தி, பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம், நாடி மிக மெதுவாக அடிப்பது ஆகியவை டிகாக்ஸின் மிகுந்துவிட்டதன் அடையாளங்கள். ஆகவே குறைப்பதாக இருந்தாலும் சிறுகச் சிறுகக் குறைத்து, மருத்துவருக்கும் சொல்ல வேண்டும்.

உண்மையில் அந்தப் பிளாஸ்க்கைப் பற்றி எனக்கிருக்கும் கவலை வேறு. இதயம் பலவீனமானவர்களுக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்பது போல நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருப்பார்கள். தண்ணீர் மட்டும்தான் கணக்கு, டீ கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் பலர். பிளாஸ்க்கில் உள்ளதும், ரசமும், மோரும் எல்லாமே அந்த ஒன்றரை லிட்டருக்குள் அடங்க வேண்டும். லஃபெட்டில் இலையைவிட உப்பைப் பாருங்கள். ஊறவைத்த இலையிலும் அதனோடு கலக்கும் பொருட்களிலும் சேரும் உப்பு, மறுநாள் காலில் வீக்கமாகத் தெரியும். மாதத்தில் ஒரு நாள் ஒரு சிறு கரண்டி என்றால் நான் தடுக்க மாட்டேன். அவர் வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிட்டால் மட்டும், இலையையே உண்பதால் அதைக் கீரைக் கணக்கில் சேர்த்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால், அதையும் சாப்பாட்டையும் தேநீரோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு வயது 29. பரம்பரையாகவே கொழுப்பு அதிகம் என்பதால் அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் கிரீன் டீச் சாறு அடங்கிய மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இயற்கையானதுதானே, சாப்பிடலாமா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். கோப்பையில் குடிக்கும் கிரீன் டீக்கும் இந்தக் குப்பி மாத்திரைகளுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. சாதாரணமாக டீ குடிப்பவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் வரை ஈ.ஜி.சி.ஜி. உள்ளே போகிறது என்றும், மாத்திரை வடிவில் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தன என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் அறிவித்தது. எக்ஸோலைஸ் என்ற பெயரில் உடல் இளைக்க விற்கப்பட்ட கிரீன் டீச் சாறு மாத்திரையை, கல்லீரல் பாதிப்புகளின் காரணமாக பிரான்சும் ஸ்பெயினும் 2003-ல் சந்தையிலிருந்தே அகற்றின. வெறும் வயிற்றில் விழுங்கும்போது இந்தச் சாறு இன்னும் அதிகமாக ரத்தத்தில் ஏறுகிறது. உடற்பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றில்தான் விழுங்குகிறார்கள்.

இதில் உங்களுக்கு இரட்டைச் சங்கடம். ஒரு சோதனையில் இந்தச் சாறு 300 மில்லிகிராம் கொடுத்தபோதே அட்டோர்வாஸ்டாட்டின் ரத்தத்தில் சேரும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதோடு, நாளை உங்கள் கல்லீரல் பரிசோதனையில் எண்கள் கூடியிருந்தால், பழி அட்டோர்வாஸ்டாட்டின் மேல் விழுந்து, உங்களுக்கு மிகத் தேவையான அந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பரம்பரைக் கொழுப்பு உள்ளவர்களுக்கு முப்பதுகளிலேயே மாரடைப்பு வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவள் நான். ஏற்கெனவே சில நாட்கள் சாப்பிட்டிருந்தால் நிறுத்திவிட்டு, கல்லீரல் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். சிறுநீர் கருமஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, வலப்பக்க மேல்வயிறு வலித்தாலோ பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் குப்பியையும் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் டீக்கடைப் பால் டீயும் மாத்திரையைக் கெடுக்குமா? எலுமிச்சை பிழிந்த கறுப்பு டீ எப்படி?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: கறுப்புத் தேயிலையில் காட்டெகின்களின் பெரும்பகுதி வேறு பொருட்களாக மாறிவிடுவதால் அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை. எலுமிச்சைச் சாறு காட்டெகின்கள் சிதையாமல் காக்கிறது என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. எலுமிச்சை பிழிந்த கிரீன் டீ குடிப்பவர்கள் மாத்திரைக்கும் டீக்கும் இடைவெளி விடுவதில் கூடுதல் கவனம் கொள்ளட்டும். எந்த டீயானாலும் மாத்திரையை விழுங்கத் தண்ணீர்தான்.

கேள்வி: "முருங்கை கிரீன் டீ" என்று ஒரு பொட்டலம் வாங்கினேன். இதுவும் அதுதானா?
— ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: பெயரில் கிரீன் டீ இருந்தாலும், பொட்டலத்தின் பின்புறம் தேயிலை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முருங்கை இலைத்தூள் மட்டுமே என்றால் அதில் தேயிலையின் காட்டெகின் தொல்லை இல்லை. ஆனால் அது கீரை. தூளைக் கரைத்து அப்படியே குடிப்பதால், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு அது சாதாரணக் கிரீன் டீயைவிட அதிகமாக ஐ.என்.ஆர்.-ஐ இறக்கக்கூடும். மற்ற இதய மாத்திரைகள் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அளவோடு குடிக்கலாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் அட்டினலாலும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு மருத்துவமனைக்குப் போனால் கூட்டத்தில் இரண்டு நிமிடம்தான் பேச முடிகிறது. கிரீன் டீயைப் பற்றியெல்லாம் எப்படிச் சொல்வது? கேட்டால் திட்டுவார்களோ என்று அப்பா பயப்படுகிறார்.
— ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: காலை 6 மணிக்கே வந்து வரிசையில் நின்று சீட்டு வாங்கியவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்பது வருந்தத்தக்கது, எதிரில் நூறு பேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இளம் மருத்துவரின் நிலையும் எனக்குத் தெரியும், நானும் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். ஆகவே அந்த இரண்டு நிமிடத்துக்கு ஏற்ற மாதிரி வீட்டிலேயே ஆயத்தம் செய்துகொள்வதுதான் வழி.

முதலில் உங்கள் அப்பாவின் மாத்திரைகளைப் பார்ப்போம். அம்லோடிபினைச் சிதைக்கும் நொதியைக் கிரீன் டீ பெரிதாகத் தொடுவதில்லை. அட்டினலால் அப்படியல்ல, நான் முதலில் சொன்ன நாடொலாலைப் போல அதுவும் நீரில் கரைந்து, கதவு வழியாகச் செல்லும் இனம். ஆரஞ்சுச் சாறும் ஆப்பிள் சாறும் அதன் உறிஞ்சுதலை வெகுவாகக் குறைப்பது மனிதர்களிடம் செய்த சோதனைகளில் நிறுவப்பட்டிருக்கிறது. எனவே உங்கள் அப்பா அட்டினலாலைத் தண்ணீரில் மட்டும் விழுங்கி, கிரீன் டீயையும் பழச்சாற்றையும் நான்கு மணி நேரம் தள்ளியே குடிக்கட்டும்.

வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் அந்தப் பெண் ஊழியர் அவசரமில்லாமல் பேசக்கூடியவர். முதலில் அவரிடம் சொல்லுங்கள். கிரீன் டீ தொடங்குவதற்கு முன்பும் தொடங்கிய பிறகும் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று அவருடைய பதிவிலேயே இருக்கும். 130 இருந்தது 150 ஆகியிருந்தால், மாத்திரை அளவைக் கூட்டுவதற்கு முன்பு டீயின் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று மருத்துவருக்கே தோன்றும். மருத்துவமனைக்குப் போகும்போது வாய்மொழியாக விளக்க வேண்டாம். சீட்டின் பின்பக்கத்தில், படிக்கும்படியான எழுத்தில், நான்கு வரிகள் எழுதி, மாத்திரை அட்டைகளோடு சேர்த்து மேசையில் வைத்துவிடச் சொல்லுங்கள்: "கிரீன் டீ, நாளுக்கு 2 கோப்பை, ஒவ்வொன்றும் 150 மில்லி. காலை 11, மாலை 4. மார்ச் மாதம் முதல். வேறு நாட்டு மருந்தோ சத்து மாத்திரையோ இல்லை." இதைப் படிக்க அவருக்குப் பத்து வினாடி போதும்.